நேர் எதிரே ஒரு திரை, ஓரத்தில் ஒரு திரை

வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் மேசைக்கு வேண்டியதை முப்பதாயிரம் ரூபாய்க்குள் வாங்கிக்கொள்ளலாம் என்று அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. அன்று மாலையே, எங்கள் அணியில் புதிதாகச் சேர்ந்திருந்த கோயம்புத்தூர்த் தம்பி என்னிடம் வந்து, "ஏனுங்ணா, இருபத்திநாலு இன்ச்சுல ரெண்டு மானிட்டர் வாங்கிக்கறதுங்களா, இல்ல ஒரே பெருசா எடுத்துக்கறதுங்களா?" என்று கேட்டார். ஒரு சொல்லில் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இதே கேள்விக்குக் கடந்த பல ஆண்டுகளில் நான் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விடை கண்டிருக்கிறேன். ஒவ்வொரு விடையும் அந்த நேரத்தில் சரியானதாகவே தோன்றியது. அவரிடம் அன்று சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

2014இல் சேலத்திலிருந்து பெங்களூருக்கு வந்தபோது, அவுட்டர் ரிங் ரோட்டில் இருந்த அலுவலகத்தில் எனக்குக் கிடைத்தவை ஒரு லேப்டாப்பும் ஒரு 24 அங்குல மானிட்டரும்தான். மூன்று ஆண்டுகள் கழித்து, அதே அளவில் இரண்டு மானிட்டர்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துத் தந்தார்கள். இடப்பக்கம் நிரல் எழுதும் எடிட்டர், வலப்பக்கம் பிரவுசரும் சாட்டும். விண்டோக்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி மாற்றிக் கொண்டுவரும் வேலை குறைந்தது. கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் விண்டோவில் பில்ட் (நிரலைச் செயலியாகத் தொகுக்கும் வேலை) ஓடுவதைப் பார்த்தபடியே அடுத்த வரியைத் தட்டச்சு செய்ய முடிந்தது. அந்த வசதி உண்மையானது. ஒற்றைச் சிறு திரையிலிருந்து இரண்டு திரைக்குப் போகிறவர்கள் அடையும் மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் அந்த இரண்டு மானிட்டர்களையும் முருகேஷ்பாளையத்தில் இருந்த வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அலுவலக மேசை ஆழமானது. வீட்டு மேசையின் ஆழம் 60 சென்டிமீட்டர்தான். மானிட்டரின் அடித்தட்டே அதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டதால், கண்ணுக்கும் திரைக்கும் இடையே ஒரு முழங்கைத் தூரம்கூட மிஞ்சவில்லை. அந்த ஆண்டின் இறுதியில், காலையில் எழுந்தால் கழுத்து இடப்பக்கமாகத் திரும்புவதற்கு ஏதோ ஒன்று தடுத்துப் பிடிப்பதைப் போன்ற வலி தொடங்கியது. தலையணையை மாற்றினேன், நாற்காலியை மாற்றினேன், வலி மாறவில்லை.

அல்சூரில் தமிழ் பேசும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் போனேன். கழுத்தைச் சோதித்துவிட்டு, "உங்க மேசையை நீங்க உக்காந்திருக்கற மாதிரியே பின்னாலேருந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க சார்" என்றார். வீட்டுக்குத் தொலைபேசினேன், என் மனைவி, நாற்காலியில் என் சட்டையை மாட்டி, படம் எடுத்து அனுப்பினார். அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிக் காட்டி பிசியோதெரபிஸ்ட் சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது: "ரெண்டு மானிட்டருக்கும் நடுவுல இருக்கற கோடு உங்க மூக்குக்கு நேரா இருக்கு. நேரா பார்த்தா பார்க்கறதுக்கு அங்க ஒண்ணுமே இல்லையே சார். அப்ப நாள் பூரா நீங்க எங்கயாவது திரும்பித்தான் பார்த்துக்கிட்டு இருந்திருக்கீங்க."

வீட்டுக்கு வந்து அளவுநாடாவால் அளந்தேன். 24 அங்குல மானிட்டர் ஒன்றின் அகலம் ஏறத்தாழ 53 சென்டிமீட்டர். இரண்டின் நடுவில் உட்கார்ந்தால், எந்தத் திரையின் மையத்தைப் பார்க்க வேண்டுமானாலும் பார்வை 26 சென்டிமீட்டருக்கு மேல் ஒரு பக்கம் போக வேண்டும். திரை 60 சென்டிமீட்டர் தொலைவில் இருந்தால்கூட அது ஏறத்தாழ 24 பாகைத் திருப்பம். கண் மட்டும் அவ்வளவு தூரம் போய் நெடுநேரம் நிற்பதில்லை. சில நொடிகளில் தலையும் பின்தொடர்ந்துவிடும். எடிட்டர் இடப்பக்கம் இருந்ததால் ஒரு நாளில் ஆறேழு மணி நேரம் தலை இடப்பக்கமே சாய்ந்திருந்திருக்கிறது.

வலிக்குக் காரணம் தெரிந்த பிறகு, இரண்டாவது திரையை நான் எதற்குப் பயன்படுத்துகிறேன் என்பதையும் அறிய விரும்பினேன். ஒரு வாரம், விசைப்பலகைக்குப் பக்கத்தில் நோட்டுப் புத்தகம் ஒன்றைத் திறந்து வைத்து, வலப்பக்கத் திரைக்குப் பார்வை போகும்போதெல்லாம் எதற்காகப் போனது என்று ஒரு கோடு போட்டேன். வியாழக்கிழமைக்குள்ளேயே விடை தெரிந்துவிட்டது. பெரும்பாலான கோடுகள் சாட்டுக்கும் மின்னஞ்சலுக்கும் எதிரே நின்றன. லாக் (நிரல் ஓடும்போது எழுதிவைக்கும் பதிவு), ஆவணம், பில்ட் ஆகியவற்றுக்காகத் திரும்பியவை மிகக் குறைவு. அந்தக் குறைவானவற்றிலும், ஆவணத்தைப் படிக்கும்போது நிரலையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்ததால், இரண்டுமே நேர் எதிரே இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். இந்தக் கணக்கு என்னுடையது. உங்களுடையது வேறாக இருக்கலாம். ஆனால் பணம் செலவழிக்கும் முன் இப்படி ஒரு வாரம் கோடு போட்டுப் பார்க்கும்படி எல்லோரையும் வற்புறுத்தவே விரும்புகிறேன்.

அதன் பிறகு மாறிய அலுவலகத்தில் 34 அங்குல அகலத்திரை ஒன்று கிடைத்தது. 3440க்கு 1440 பிக்சல். அகலம் 80 சென்டிமீட்டர். நடுவில் கோடு இல்லை, மூன்று பத்தி நிரலை அருகருகே வைக்க முடிந்தது. இருந்தாலும் அதன் உயரம் 27 அங்குலச் சாதாரண மானிட்டரின் உயரமேதான் என்பதை முதல் நாளிலேயே உணர்ந்தேன். காணொளிக் கூட்டங்களில் முழுத்திரையையும் பகிர்ந்தால், எதிர்முனையில் லேப்டாப்பில் பார்ப்பவர்களுக்கு எழுத்து எறும்பு ஊர்வதுபோல் தெரிந்தது. அவர்கள் படிக்க முடியவில்லை என்று சொல்லாமல் தலையாட்டிக்கொண்டிருந்ததைப் பிறகுதான் அறிந்தேன். அகலத்திரையைப் பயன்படுத்துபவர்கள் ஒரே ஒரு விண்டோவை மட்டும் பகிரும் பழக்கத்துக்கு வந்துவிட வேண்டும்.

உயரம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மானிட்டர் வாங்குபவர்கள் மிகக் குறைவாக எண்ணிப் பார்ப்பது அதைத்தான். நிரல் கீழ்நோக்கி வளர்கிறது. ஒரு வரியின் நீளத்துக்கோ பழைய வரம்பு ஒன்று இன்னும் இருக்கிறது: 1928இல் ஐபிஎம் கொண்டுவந்த, தரவைத் துளைகளாகப் பதியும் அட்டையில் பத்திக்கு ஓர் எழுத்தாக 80 பத்திகள் இருந்தன, அந்த எண் டெர்மினல்களுக்கு வந்து, இன்றும் பைத்தான் மொழியின் பெப் 8 நடைக்கையேடு ஒரு வரிக்கு 79 எழுத்து என்கிறது. அகலம் இவ்வாறு கட்டுக்குள் இருக்க, ஒரே பார்வையில் எத்தனை வரி தெரிகிறது என்பதே நாள் முழுவதும் நம் வேலையைத் தீர்மானிக்கிறது. 1920க்கு 1080 திரையில், ஒரு வரிக்கு 20 பிக்சல் என்று வைத்து, தாவல்களுக்கும் பட்டைகளுக்கும் போக எனக்கு 45 வரிகள் தெரிந்தன. அதே திரையை இன்னொன்று வாங்கிப் பக்கத்தில் வைத்தாலும் 45 வரிகள்தான். ஒரு திரையை நெட்டுக்குத்தாகத் திருப்பி வைத்தால் வரிகள் கூடும், நீண்ட லாக்கைப் படிக்க அது மிக நன்று. ஆனால் அதற்கு, பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத ஐபிஎஸ் வகைப் பேனல் வேண்டும். டிஎன் என்ற இன்னொரு வகைப் பேனலைத் திருப்பினால், பார்க்கும் கோணம் மாறி, இரு கண்ணுக்கும் வெவ்வேறு நிறமாகத் தெரிந்து தலைவலி வரும்.

2022இல் சொந்தச் செலவில் 32 அங்குல 4கே (3840க்கு 2160 பிக்சல்) மானிட்டர் வாங்கினேன். எஸ்.பி. ரோட்டில் இரண்டு மணி நேரம் கடை கடையாக ஏறி இறங்கி, என் எடிட்டரின் ஸ்க்ரீன்ஷாட் ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுபோய் ஒவ்வொரு மானிட்டரிலும் காட்டச் சொல்லிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். கடைக்காரர்கள் போடும் வண்ண மீன் காணொளியில் எந்தத் திரையும் அழகாகத்தான் தெரியும். கறுப்புப் பின்னணியில் சாம்பல் நிறக் குறிப்புரை எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்பதுதான் நமக்கு வேண்டியது.

வீட்டுக்கு வந்து இணைத்தவுடன் பெரும் ஏமாற்றம். சுட்டி திரையில் வழுக்கிப் போகாமல் தத்தித் தத்திப் போயிற்று. பக்கத்தை உருட்டினால் எழுத்து நடுங்கிற்று. மானிட்டர் பழுதென்று முடிவுகட்டி, பெட்டியில் திரும்ப வைக்கும் அளவுக்குப் போய்விட்டேன். டிஸ்ப்ளே அமைப்பைத் திறந்து பார்த்தால் 30 ஹெர்ட்ஸ் என்றிருந்தது. என் லேப்டாப்பின் எச்டிஎம்ஐ துளை 1.4 வகை, 4கே படத்தை அது நொடிக்கு 30 முறைதான் அனுப்பும். 60 வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.0 வேண்டும், அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 என்ற வேறு வகைத் துளை வேண்டும். டைப்-சியிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போகும் கேபிள் ஒன்றை வாங்கி மாட்டியதும் எல்லாம் சரியாயிற்று. டைப்-சி வடிவத்தில் இருக்கும் எல்லாத் துளையும் படம் அனுப்பாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். சில துளைகள் சார்ஜுக்கும் தரவுக்கும் மட்டுமே. இரண்டு மானிட்டர் வாங்க நினைப்பவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். 2020இல் வந்த, ஆப்பிளின் எம்1 சிப் கொண்ட மேக்புக் ஏர் நேரடியாக ஒரே ஒரு வெளித்திரையைத்தான் ஏற்கும். எம்3 ஏர் மூடியை மூடிவைத்தால் இரண்டை ஏற்கும். 2025இல் வந்த எம்4 ஏர்தான் மூடி திறந்திருக்கும்போதும் இரண்டை ஏற்கிறது. முதலில் லேப்டாப்பின் மாடலைப் பாருங்கள், பிறகு கடைக்குப் போங்கள்.

32 அங்குல 4கே திரையில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 140 பிக்சல்கள் இருக்கின்றன. 24 அங்குலப் பழைய திரையில் 92தான். அந்த வித்தியாசம் எனக்குத் தமிழ் எழுத்தில்தான் முதலில் தெரிந்தது. எங்கள் செயலியின் தமிழ் மொழிக் கோப்பை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பழைய திரையில், எடிட்டரின் சிறிய எழுத்தளவில், ண-வின் மூன்று சுழியும் ன-வின் இரண்டு சுழியும் ஒரே கரும்புள்ளியாகக் குழம்பும். "பணி நேரம்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "பனி நேரம்" என்று இருந்ததை நான் இரண்டு முறை படித்தும் பிடிக்கவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் சுட்டிக்காட்டினார். புதிய திரையில் கோப்பைத் திறந்த முதல் நாளே அதே வகையில் இன்னும் இரண்டு பிழைகளைக் கண்டுபிடித்தேன். தமிழ், கன்னடம், மலையாளம் போன்ற சுழி மிகுந்த எழுத்துகளோடு புழங்குபவர்கள், திரைகளின் எண்ணிக்கையை விடப் பிக்சல் அடர்த்திக்கு முதலிடம் தர வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

நூறு விழுக்காடு அளவில் வைத்தால் 32 அங்குலத்திலும் 4கே எழுத்து என் கண்ணுக்குச் சிறிது. 125 விழுக்காட்டில் வைத்திருக்கிறேன். அப்போது 3072க்கு 1728 அளவுள்ள திரைபோல் அது நடந்துகொள்கிறது. 75 வரிகள் தெரிகின்றன. 100 எழுத்து அகலத்தில் மூன்று பத்திகள் அமைகின்றன: இடப்பக்கம் நிரலைச் சோதிக்கும் டெஸ்ட், நடுவில் நிரல், வலப்பக்கம் மேலே ஆவணமும் கீழே டெர்மினலும். நீண்ட செயற்கூறு (ஃபங்ஷன்) ஒன்று உருட்டாமலே தலைமுதல் கால்வரை கண்முன் நிற்கும்போது, மேலே அறிவித்த மாறியை (வேரியபிளை) கீழே தவறாகக் கையாண்டிருப்பது தானாகவே கண்ணில் படுகிறது. முன்பெல்லாம் உருட்டும்போது மனத்தில் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்ததை இப்போது திரை தாங்கிக்கொள்கிறது.

ஆனால் விண்டோக்களை ஒழுங்குபடுத்தும் கருவி இல்லாமல் பெரிய திரை வாங்கிப் பயனில்லை. இரண்டு மானிட்டர்களுக்கு நடுவிலுள்ள சட்டம் ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தது: எது எங்கே என்பதை அது பிரித்துத் தந்தது. பெரிய திரையில் அந்த எல்லையை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். விண்டோஸில் பவர்டாய்ஸ் தொகுப்பில் உள்ள ஃபேன்சிஸோன்ஸ், மேக்கில் ரெக்டாங்கிள், லினக்ஸில் ஐ3 போன்றவை இதற்கென்றே இருக்கின்றன. மேக்கில் 2024இல் வந்த செக்கோயா பதிப்பிலிருந்து ஓரளவு வசதி உள்ளேயே கிடைக்கிறது. இரண்டு மூன்று விசைச் சேர்க்கைகளைக் கை பழகும்வரை ஒரு வாரம் பொறுமை வேண்டும். லேப்டாப் திரையையும் பெரிய திரையையும் சேர்த்து லினக்ஸில் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு குறிப்பு: லினக்ஸில் திரையில் படம் வரைந்து காட்டும் பழைய எக்ஸ்11 அமைப்பில் திரைக்குத் திரை தனித்தனி ஸ்கேலிங் (எழுத்தையும் படத்தையும் பெரிதாக்கும் விழுக்காடு) வைப்பது பெரும்பாடு, புதிய வேலண்ட் அமைப்பில் அது எளிது.

என் மனைவி மொபைல் செயலிகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறார். என் திரையின் அருமையை நான் விடாமல் சொன்னதைக் கேட்டு, ஒரு வாரம் மேசையை மாற்றிக்கொண்டார். வெள்ளிக்கிழமை திருப்பித் தந்துவிட்டார். "எனக்கு ஒரு பக்கம் டெஸ்ட் கேஸ் முழுசா நிக்கணுங்க, இன்னொரு பக்கம் போன் திரை முழுசா ஓடணும். ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு வந்தா எதைச் சோதிச்சேன், எதை விட்டேன்னு தெரியல" என்றார். அவர் சொல்வது முற்றிலும் சரி. ஒரு திரை முழுவதையும் ஒரே பொருள் பிடித்துக்கொள்ள வேண்டிய வேலைகள் இருக்கின்றன: வாடிக்கையாளரின் கணினிக்குள் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்து வேலை செய்வோர், நிறுவன லேப்டாப், சொந்தக் கணினி என இரண்டையும் ஒருசேர இயக்குவோர், நாள் முழுவதும் திரையைப் பகிர்ந்து பயிற்சி தருவோர் ஆகியோருக்கு இரண்டு தனித்தனித் திரைகளே வசதி. பகிரும் திரை வேறு, குறிப்பு வைத்திருக்கும் திரை வேறு என்று இருந்தால், தவறான விண்டோ பிறர் கண்ணில் பட்டுவிடுமோ என்ற பதற்றமும் இருக்காது. இரண்டு திரை வைப்பவர்கள் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அதிகம் பார்க்கும் திரையை மூக்குக்கு நேராக வைத்து, மற்றதைச் சற்று உள்நோக்கித் திருப்பி ஓரத்தில் வையுங்கள், நடுக்கோட்டின் முன் உட்காராதீர்கள்.

நானும் இப்போது ஒற்றைத் திரையோடு நிற்கவில்லை. பெரிய திரை நேர் எதிரே. லேப்டாப் வலப்பக்கம் தாழ்வாக. அதில் சாட்டும், சர்வர் கண்காணிப்புப் பலகையும், கூட்டம் நடக்கும்போது முகங்களும். இரண்டு மணி நேரம் நிரலில் மூழ்க வேண்டியிருந்தால் லேப்டாப் மூடியை மூடிவிடுவேன். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டியவை ஓரத்தில் இருக்கட்டும், கூர்ந்து பார்க்க வேண்டியவை நேர் எதிரே இருக்கட்டும் என்பதே நான் கண்டுபிடித்த ஏற்பாடு.

இதற்கு மேசை ஒத்துழைக்க வேண்டும். 32 அங்குலத் திரை 70 சென்டிமீட்டர் அகலம்; அதை 50 சென்டிமீட்டர் தொலைவில் வைத்தால் ஓரங்களைப் பார்க்கக் கழுத்து மீண்டும் திரும்பும். என் 60 சென்டிமீட்டர் மேசையில் அதை அடித்தட்டோடு வைக்க முடியாது என்பதால், மேசை விளிம்பில் கவ்விப் பிடிக்கும் மானிட்டர் ஆர்ம் வாங்கி, திரையைச் சுவரோடு ஒட்டித் தள்ளினேன். கண்ணிலிருந்து 70 சென்டிமீட்டர் கிடைத்தது. வாடகை வீட்டில் சுவரில் துளை போட உரிமையாளர் விடமாட்டார். கவ்வும் ஆர்ம்தான் வழி. வாங்கும் முன் மானிட்டரின் பின்புறம் ஆர்மைத் திருகிப் பொருத்தும் வெசா துளைகள் இருக்கின்றனவா, அடித்தட்டு நீங்கலாக எத்தனை கிலோ, அதை ஆர்ம் தாங்குமா என்று பார்க்க வேண்டும். மேசைப் பலகை மெல்லிய பார்ட்டிகிள் போர்டாக இருந்தால் கவ்வுமிடத்தில் நொறுங்கிவிடும். நான் மேலும் கீழும் சிறு இரும்புத் தகடு வைத்துத்தான் முடுக்கினேன்.

திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழோ இருக்க வேண்டும் என்பது பொது அறிவுரை. நாற்பது வயதைக் கடந்து, தூரத்துக்கும் அருகுக்கும் ஒரே கண்ணாடியான புரோகிரசிவ் கண்ணாடி போட்டபின் அது எனக்குப் போதவில்லை. அருகில் பார்க்கும் பகுதி கண்ணாடியின் அடியில் இருப்பதால், உயரமான திரையின் மேல்வரிகளைப் படிக்க முகவாயைத் தூக்க வேண்டியிருந்தது. கழுத்து வலி இம்முறை பின்பக்கமாகத் திரும்பி வந்தது. திரையைத் தாழ்த்தி, மேல்பக்கம் பின்னால் சாயும்படி திருப்பினேன். பிறகு கண் மருத்துவரிடம் 70 சென்டிமீட்டர் என்று அளவைச் சொல்லி, கணினிக்கென்றே தனிக் கண்ணாடி எழுதி வாங்கினேன். பெரிய திரை வாங்கும் நடுவயதினர் அந்தக் கண்ணாடிச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

கோயம்புத்தூர்த் தம்பியிடம் முதலில் மேசையை அளந்துவரச் சொன்னேன். பிடிஎம் லேஅவுட்டில் இருவர் பங்கிடும் அறை. மேசை 100 சென்டிமீட்டர் அகலம், 50 சென்டிமீட்டர் ஆழம். வீடு எப்போது மாறும் என்பது நிச்சயமில்லை. 24 அங்குலத்தில் இரண்டு வைத்தால் மேசையை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், 32 அங்குலம் முகத்தில் அடிக்கும். 27 அங்குல 4கே ஒன்றை வாங்கி, மிச்சப் பணத்தில் ஆர்ம் வாங்கும்படி சொன்னேன். பெட்டியையும் உள்ளிருக்கும் தெர்மாகோலையும் வீடு மாற்றுவதற்காகக் கட்டிலுக்கடியில் பத்திரப்படுத்தும்படியும் சொன்னேன். போன வாரம் படம் அனுப்பியிருந்தார். மானிட்டர் நேராக இருந்தது, லேப்டாப் இடப்பக்கம், அதன் மேல் ஜன்னல் வெளிச்சம் வெள்ளையாக விழுந்திருந்தது. "லேப்டாப்பை வலப்பக்கம் மாத்தி வைப்பா, அங்க சுவர்தானே இருக்கு" என்று எழுதினேன். "மாத்திட்டனுங்ணா, இப்பத்தான் சாட் படிக்கவே முடியுது" என்று பதில் வந்தது.